பத்து மணிக்கு ஏறாத முள்

நவம்பர் 16, வியாழக்கிழமை. ஐப்பசியின் கடைசி நாள். நாலே முக்காலுக்கு எழும்பினேன். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு முற்றம் கூட்டினேன். தண்ணீர் கொதித்ததும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, வேதாகமத்தில் அன்றைய பகுதியை வாசித்து முடித்தேன். முதல் நாள் மிஞ்சிய பாண் துண்டுகளைத் தாச்சியில் வாட்டிச் சம்பலோடு சாப்பிட்டேன். வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் காலை வேலைகள் தடங்கலில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். குடை, சாப்பாட்டுப் பெட்டி, திருத்திய கொப்பிகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டி, உடுப்பிட்டிச் சந்தியில் வழமையான பஸ்ஸில் ஏறினேன்.

அன்று காற்று இல்லை. வாடைக்காற்று தொடங்கியிருக்க வேண்டிய காலம் அது. சந்தியில் நின்ற வாழை மரங்களின் இலைகள் ஈரத் துணியைப் போலத் தொங்கின. பஸ் கரையோர வீதிக்குத் திரும்பியபோது கடலைப் பார்த்தேன். அலை உடையவில்லை. தண்ணீர் முழுவதும் ஒரே பரப்பாக மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.

"இண்டைக்குக் கடல் நித்திரை, ரீச்சர்," என்றார் கொண்டக்டர்.

"மூச்சு மட்டும் விடுது போல," என்றேன். அவர் சிரித்தார். சொன்ன பிறகுதான் எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. பிள்ளைகளில் அநேகம் பேர் மீன்பிடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆறாம் தரம் தொடக்கம் ஒன்பதாம் தரம் வரைக்கும் விஞ்ஞானம் என் பாடம். ஆய்வுகூடம் என்று சொல்லிக்கொள்வது, இரண்டு அலுமாரிகளை வைத்து மறித்த அரை வகுப்பறை. அதற்குள் இருக்கும் பொருள்கள் பெரும்பாலும் எங்கள் குசினிகளிலிருந்து வந்தவை. செம்பரத்தம்பூச் சாற்றில் தேசிப்புளி விட்டால் சிவக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். உப்புக் கூடக் கூட முட்டை எழும்பி மிதக்கும். இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்வதற்குப் பெரிய சாமான்கள் தேவையில்லை. ஒழுங்கு மட்டும் வேண்டும். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: "முதலிலை கண்டதைச் சொல்லுங்கோ. நினைச்சதைப் பிறகு சொல்லலாம். ஒருக்கா நடந்தால் தற்செயலாயும் இருக்கலாம். திரும்பச் செய்து பாருங்கோ."

அந்தத் தவணையில் ஏழாம் தரத்துப் பிள்ளைகளுடன் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தேன். ஜாம் போத்தலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, தோலின் நடுவில் ஒரு ஈர்க்கின் நுனியை ஒட்ட வேண்டும். ஈர்க்கு போத்தலின் விளிம்பில் தங்கி மறுபக்கம் நீண்டு நிற்கும். அந்த முனைக்குப் பின்னால் கோடுகள் போட்ட ஒரு மட்டை. வெளியே அழுத்தம் கூடினால் பலூன் தோல் உள்ளே அமுங்கும், முனை எழும்பும். அழுத்தம் குறைந்தால் தோல் வெளியே புடைக்கும், முனை தாழும். பிள்ளைகள் அந்த ஈர்க்கை முள் என்றார்கள், மணிக்கூட்டு முள் மாதிரி.

இந்தப் போத்தலுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. சூடு பட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தோல் புடைக்கும், முள் தாழும். பார்ப்பவருக்கு அழுத்தம் குறைந்தது போலவே தெரியும். ஒரே அடையாளத்துக்கு இரண்டு காரணம். அதனால் போத்தலைக் கழுத்து வரை மணல் நிரப்பிய மண்பானைக்குள் இறக்கி, வெயில் படாத மூலையில் வைத்தோம். பக்கத்தில் வெப்பமானி. முள்ளைப் பார்க்கும் பிள்ளை வெப்பநிலையையும் பார்த்து, இரண்டையும் சுவரில் ஒட்டிய தாளில் குறிக்க வேண்டும்.

சில கிழமைகளுக்குப் பிறகு அந்தத் தாளில் நான் எதிர்பார்த்தது தெரியத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் காற்றின் அழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணியளவில் ஏறும், பின்னேரம் நாலு மணியளவில் இறங்கும். மழை, வெயில் எது வந்தாலும் அந்த ஏற்றம் வரும். நான் அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர்களே கண்டுபிடித்தார்கள். "ரீச்சர், முள்ளும் எங்களைப்போல இடைவேளைக்கு எழும்புது!" என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம் அது.

அன்றைக்கு, வியாழக்கிழமை, முள் இடைவேளைக்கு எழும்பவில்லை.

அந்தக் கிழமை முள் பார்க்கும் முறை ஒரு பெண்பிள்ளையுடையது. கதை குறைந்த பிள்ளை. எழுத்து மணிமணியாக இருக்கும். இலக்கத்தைக் குறிப்பதற்கு முன் கண்ணை முள்ளின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒருக்கால் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் நிலத்தில் முழந்தாளிட்டுத்தான் பார்ப்பாள். பத்து மணிக்குப் பார்த்துவிட்டு எழும்பாமல் அப்படியே இருந்தாள்.

"ஏய், வானிலை அதிகாரி, நாளைக்கு என்ன மீன் படும் எண்டும் உன்ரை போத்தலிட்டைக் கேளன்," என்றான் இடைவேளைக் கண்டுபிடிப்பாளன்.

"நீ வாயை மூடினால் கேக்கலாம்," என்றாள் அவள், திரும்பாமலே.

நான் போய்ப் பார்த்தேன். காலையில் பார்த்த இடத்தை விடவும் கீழே நின்றது முள். வெப்பநிலை முதல் நாள் பத்து மணிக்கு இருந்த அதே அளவுதான். ஆகவே சூடு காரணமில்லை. பலூன் தோலில் ஓட்டை இருந்தால் தோல் தட்டையாகி முள் நடுக்கோட்டுக்கு வந்திருக்கும். இது நடுக்கோட்டையும் தாண்டிக் கீழே கிடந்தது. ஆகவே ஓட்டையும் இல்லை. மிஞ்சியது ஒன்று: அன்றைய புழுக்கத்தில் ஈர்க்கு ஈரம் இழுத்து வளைந்திருக்கலாம், ஒட்டிய பசை நெகிழ்ந்திருக்கலாம். மற்றக் குழு செய்த இரண்டாவது போத்தலையும் பார்த்தேன். அதன் முள்ளும் தாழ்ந்திருந்தது. ஆனால் இரண்டிலும் ஒரே பசை, ஒரே தென்னோலையின் ஈர்க்கு. ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு சாட்சிகள்.

மத்தியானம் இன்னும் கீழே. கோடு போட்ட மட்டையில் அந்த இடத்துக்கு இலக்கமே இருக்கவில்லை. அவள் பென்சிலால் புதுக் கோடு ஒன்று போட்டு அதற்குப் பக்கத்தில் குறித்தாள். வெளியே வெயிலுக்கு மேலே மெல்லிய புகை போல ஒன்று படர்ந்திருந்தது. கொடிக் கம்பத்தில் கொடி ஒட்டிக்கொண்டு கிடந்தது. மைதானத்தில் தும்பிகள் பிள்ளைகளின் முழங்கால் உயரத்தில் பறந்தன.

பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போன பிறகு அவள் போகாமல் நின்றாள்.

"என்ன பிள்ளை?"

"அப்பா இண்டைக்குக் கடலுக்குப் போறார், ரீச்சர்."

அவளுடைய தகப்பனும் மாமனும் ஒரு படகில் தொழில் செய்பவர்கள். மாமன் என்றால் தாயின் தம்பி. மிசின் பழுதாகிக் கன நாளாகப் படகு கரையில் கிடந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது திருத்தி வந்துவிட்டதாம். பின்னேரம் வெளிக்கிட்டு, இரவு வலை விட்டு, விடியத் திரும்புவார்கள்.

"முள்ளைப் பற்றி அப்பாவிட்டைச் சொன்னனியோ?"

"இல்லை. வெளிக்கிடுற நேரம் நாங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை. கூப்பிடவும் கூடாது. மறிச்சால் அவருக்குச் சரியான கோவம் வரும்."

"அப்ப நான் வந்து சொல்லட்டோ?"

அவள் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நீங்கள் சொன்னாலும் கேளார், ரீச்சர். போத்தல் எண்டால் சிரிப்பார்." பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் கதைக்கத் தேவையில்லை. அவர் வெளிக்கிடேக்கை எங்கடை படலையடியிலை வந்து நிண்டால் போதும்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. என் முகத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அவள் அவசரமாகத் தொடர்ந்தாள்.

"நான் பாத்தனான், ரீச்சர். ஒருக்கா நீங்கள் எங்கடை வீட்டடியாலை போகேக்கை அப்பா படலையைத் திறந்தவர். உங்களைக் கண்டிட்டுத் திரும்பி வந்து, தண்ணி குடிச்சு, கொஞ்ச நேரம் இருந்திட்டுத்தான் போனவர். ஒருக்கா எண்டால் தற்செயல் எண்டு நினைச்சன். பிறகும் ஒரு நாள் அப்பிடித்தான். அண்டைக்கு நேருக்கு நேர். அண்டைக்கு அவர் போகவே இல்லை."

என்னிடமிருந்து படித்ததை அவள் சரியாகச் செய்திருந்தாள். கண்டதை முதலில் சொன்னாள். ஒரு தரத்தை நம்பவில்லை. திரும்ப நடக்கும் வரைக்கும் பார்த்திருந்தாள்.

என் கணவர் நோயில் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. எங்கள் சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. கலியாணமாகி வாழ்ந்த காலத்திலும் என் நெற்றி இப்படித்தான் இருந்தது. அப்போது கரையோர வீதியில் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் வேதக்காரப் பெண் என்பது மட்டுமே. சிரித்துக் கதைப்பார்கள், மீன் தருவார்கள். அவர் இறந்த பிறகும் மீன் தந்தார்கள், கதைத்தார்கள். ஆனால் காலையிலும் பின்னேரத்திலும், கடலுக்குப் போகும் நேரங்களில், நான் வரும்போது சிலர் ஏதோ மறந்துவிட்டவர்கள் போல உள்ளே திரும்பிப் போவதைக் கண்டிருக்கிறேன். கண்டும் காணாததுபோல நடந்திருக்கிறேன். ஒரு பிள்ளை அதைக் கவனித்து, கணக்கு வைத்து, அதிலிருந்து ஒரு பயனையும் கண்டுபிடிக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"நீ வீட்டை போ," என்றேன். "நான் வந்து அப்பாவோடை கதைக்கிறன். கதைக்கத்தான் வாறன்."

"ஓம் ரீச்சர்," என்றாள். நம்பிய குரலாக அது இல்லை.

கைபேசியில் வானிலையைப் பார்த்தேன். மழை பெய்யலாம் என்றிருந்தது. காற்றைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டு, அவளுடைய வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து கரையோர வீதியால் நடந்தால் அதிக தூரமில்லை. படலை நேரே வீதிக்குத் திறக்கும். வீதிக்கு அந்தப் பக்கம் மணல், மணலுக்கு அப்பால் கடல்.

தகப்பன் வளவுக்குள் மிசினைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமன் கைவண்டியில் வலையை அடுக்கினார்.

"வாங்கோ ரீச்சர், வாங்கோ. பிள்ளை ஏதும் குழப்படியோ?"

"இல்லை, அவ நல்ல பிள்ளை. நான் வேறை விசயம் கதைக்க வந்தனான்."

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். காலை ஏற்றம் என்றால் என்ன, அது ஏன் ஒவ்வொரு நாளும் வரும், வராமல் விட்டால் எதற்கு அடையாளமாக இருக்கலாம், எல்லாம். அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"பாத்தியளே அத்தான்," என்றார் மாமன். "இனிமேல் ஜாம் போத்தலிட்டை லீவு கேட்டிட்டுத்தான் நாங்கள் தொழிலுக்குப் போகோணும். ஜாம் முடிஞ்ச போத்தலோ ரீச்சர், இல்லாட்டி இன்னும் கொஞ்சம் கிடக்கோ?"

"சும்மா இரடா." தகப்பன் என் பக்கம் திரும்பினார். "நானும் ஃபோனிலை பாத்தனான் ரீச்சர். காத்து ஒண்டும் போடேல்லை."

"நானும் பாத்தனான். ஓம், போடேல்லை."

"அப்ப உந்தப் போத்தல் பொய் சொல்லுமோ?"

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் மெச்சியிருப்பேன். நல்ல கேள்வி. அதற்கு ஒரு பதில்தான் இருந்தது.

"சொல்லும்," என்றேன். "சூடு பட்டால் சொல்லும். ஈரத்துக்கு ஈர்க்கு வளைஞ்சாலும் சொல்லும். இண்டைக்குச் சொல்லுதோ இல்லையோ எண்டு எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"தெரியாததை வைச்சு நான் எப்பிடி ரீச்சர் நிக்கிறது?"

"ஒரு நாள் பொறுத்துப் பாருங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"ஒரு நாள் ஒரு நாளெண்டுதான் மிசின்காரனும் சொன்னவன்." கோபமில்லாமல் சிரித்தார். "கடலைப் பாருங்கோ. உப்பிடிக் கிடக்கேக்கை போகாட்டி எப்பதான் போறது?"

அதற்குப் பிறகு மனைவியைக் கூப்பிட்டார். "ரீச்சரை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தும். தேத்தண்ணி குடியும். ஆறுதலா இருந்திட்டுப் போகட்டும். அவசரமில்லை."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் எனக்கு விளங்கியது. உபசாரம் என்னை வழியிலிருந்து விலக்குவதற்காகத்தான். தாய் என்னைக் குசினிக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் நல்ல கதிரையில் இருத்தினாள். வீதிப் பக்கக் கதவைச் சாத்தினாள். தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வந்தன. மகள் மூலையில் புத்தகத்தோடு இருந்தாள், பக்கம் திருப்பவில்லை. வெளியே கைவண்டியில் மிசின் ஏற்றும் சத்தம் கேட்டது.

"நான் வெளிக்கிடப் போறன், பிள்ளை," என்றேன் தாயிடம்.

"இருங்கோ ரீச்சர். வெயில் தாழட்டும்."

மத்தியானத்துக்குப் பிறகு வெயிலே இருக்கவில்லை. அவள் முகம் கெஞ்சியது. அவளுக்கும் பயம் இருந்தது என்று நினைக்கிறேன், ஆனால் அது முள்ளைப் பற்றியது அல்ல. மகள் தலையை நிமிர்த்தி என்னை ஒருக்கால் பார்த்தாள்.

இருபது வருடத்துக்கு மேலாக நான் இந்தப் பிள்ளைகளிடம் சொல்லி வந்தது, அடையாளத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லித்தான். என் நெற்றிக்கும் கடலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. முள்ளுக்கும் கடலுக்கும் தொடர்பு இருக்கலாம். முள்ளை அவர் நம்பவில்லை. நம்பும்படி சொல்லும் உரிமை என்னிடமிருந்த சான்றில் இல்லை. மற்றதை அவர் கேள்வியில்லாமல் நம்பினார். இதையெல்லாம் அந்தக் கதிரையில் இருந்து இவ்வளவு ஒழுங்காக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். கோப்பையைக் கீழே வைத்தேன். குசினிக் கதவால் வெளியே போய், கிணற்றடியைச் சுற்றி, படலைக்கு வந்தேன். வீதிப் பக்கத்தில், படலைக்கு நேர் நடுவில், வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் எண்ணெய்க் கானோடு தகப்பன். இருவரும் நின்றுவிட்டார்கள்.

"ரீச்சர், கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ, வண்டி வருது," என்றார் மாமன்.

நான் நகரவில்லை. தகப்பன் என் கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றியைத்தான் பார்த்தார். கானை மெல்ல நிலத்தில் வைத்தார். அவ்வளவு நேரமும் சிரித்துக் கதைத்த மனிதரின் முகம் பூட்டிய கதவு மாதிரி ஆனது.

"அவ தெரிஞ்சுதான் நிக்கிறா, அத்தான்."

"தெரிஞ்சோ தெரியாமலோ, நிண்டாச்சு. நான் இண்டைக்கு வரேல்லை."

"உதென்ன கதை? இவ்வளவு நாள் காத்துக் கிடந்து, மிசின் பூட்டுற நேரம்..."

"வரேல்லை எண்டால் வரேல்லை. நீயும் நில். இருட்டிலை உனக்குப் பார் வழி பிடிபடாது."

பார் என்பது எங்கள் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் நீளமாகக் கிடக்கும் கல். படகுகள் அதில் உள்ள ஒரு ஒடுங்கிய இடைவெளியால்தான் கரைக்கு வர வேண்டும். இரவில் அந்த இடைவெளியைத் தகப்பன்தான் பிடிப்பார் என்பது எனக்கு அந்த நேரம் வரைக்கும் தெரியாது.

"எல்லாம் பிடிபடும்," என்றார் மாமன். "கரை வாடிக் கொட்டிலிலை ஆக்கள் நிக்கினம், ஒராளைக் கூட்டிக்கொண்டு போறன்." எண்ணெய்க் கானையும் தூக்கி வண்டியில் வைத்து, அதைத் தள்ளி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் முகத்தில் பழைய பகிடி திரும்பியிருந்தது. "நானும் உங்களைப் போல விஞ்ஞானந்தான் ரீச்சர். சகுனம் பாக்கிறேல்லை."

அவர் சொன்னது சரி. நான் ஒதுங்கி வழிவிட்டேன். வண்டிச் சில்லு வீதியைக் கடந்து மணலில் புதைந்து புதைந்து போனது.

"அவரையும் மறியுங்கோ," என்றேன் தகப்பனிடம்.

"என்னை மறிச்சுப் போட்டியள்," என்றார். குரல் உயரவில்லை. "அவனை மறிக்க உங்களிட்டை என்ன கிடக்கு?"

திரும்பி உள்ளே போனார். கிணற்றடியில் கால் கழுவும் சத்தம் கேட்டது. யன்னலில் மகள் நின்றாள். நான் கையசைக்கவில்லை, அவளும் அசைக்கவில்லை.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். துணிகளை எடுத்து மடித்தேன். எட்டாம் தரத்துக் கொப்பிகளைத் திருத்தினேன். ஒரு பிள்ளையின் கூட்டலை இரண்டு தரம் பிழையென்று போட்டு, இரண்டு தரமும் வெட்டினேன். மாலை மங்கும் நேரம் வடக்கில் வானத்தின் அடிப்பாகம் செம்பு நிறமாக இருந்தது. பொழுது பட்டு, சாப்பாட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது காற்று வந்தது. தயங்கித் தயங்கி வரவில்லை. ஒரே தள்ளாக வந்தது. பின் வளவில் பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. குசினிக் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளத் தொடங்கியது. யன்னல்களைக் கொளுவினேன். நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியது இவ்வளவுதான்: காலை ஏற்றம் இல்லை. மாலைக்குப் பின் வடக்குக் காற்று, பலம். ஒருவர் போகவில்லை. ஒருவர் போனார்.

முள் பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை.

விடியும் முன் கைபேசி அடித்தது. தாயின் இலக்கம், குரல் மகளுடையது. பின்னால் ஆட்கள் கதைப்பது கேட்டது. காற்றின் இரைச்சலும் கேட்டது.

"ரீச்சர், மாமா போன படகு இன்னும் வரேல்லை. மற்றப் படகெல்லாம் வந்திட்டுது. இரவு பாருக்கு அங்காலை லைற் ஒண்டு தெரிஞ்சதாம், பிறகு காணேல்லையாம்."

"ஆராவது தேடப் போறினமோ?"

"அப்பா போறார். பக்கத்து வீட்டுக்காரற்றை படகிலை. வழி அவருக்குத்தானே தெரியும்."

"கடல் இன்னும் அடங்கேல்லை, பிள்ளை. கொஞ்சம் விடியட்டும் எண்டு சொல்லு. நேவிக்குச் சொல்லியாச்சோ?"

"சொல்லியாச்சு. அப்பா நிக்கமாட்டார். அம்மா அழுதும் பாத்திட்டா." அவள் நிறுத்தினாள். மூச்சு மட்டும் கேட்டது. அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். வந்து நில்லுங்கோ என்பாள். கேட்டால் போவேன் என்றும் அந்த ஒரு கணத்தில் தீர்மானித்திருந்தேன்.

"ரீச்சர்," என்றாள். "நீங்கள் இண்டைக்கு எங்கடை றோட்டாலை வராதேங்கோ. அப்பா இப்ப வெளிக்கிடப் போறார். மாமி ஆக்களும் கரையிலைதான் நிக்கினம்."

வகுப்பில் என்னிடம் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்கும் அதே குரல். அதே மரியாதை.

"ஓம்," என்றேன். "வரேல்லை."

அவள் கைபேசியை வைத்தாள். அன்று நான் அடுப்பு மூட்டவில்லை, முற்றம் கூட்டவில்லை. பஸ் கரையோர வீதியால்தான் போகும். ஆகவே முதல் வேலையாகப் பின் கொட்டிலிலிருந்து சைக்கிளை எடுத்து, இரண்டு சில்லுக்கும் காற்று அடித்தேன். விழுந்து கிடந்த ஓலைகளை விலக்கிக்கொண்டு, தோட்டங்களுக்குள்ளால் போகும் உள் ஒழுங்கையில் இறங்கினேன். சுற்றுவழி. பள்ளிக்கூடத்தின் பின் படலைக்குக் கொண்டுபோய் விடும். அந்த வழியில் ஒரு இடத்திலும் கடல் தெரியாது.